நீலத் தாழைக்கோழி: சம்புக்குள் ஒரு குடித்தனம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் ஊர் ஏரியில் கோழி அளவில் நீல நிறப் பறவைகள் கூட்டமாக மேய்கின்றன. மூக்கும் நெற்றியும் நல்ல சிவப்பு. மயில் குஞ்சு என்கிறார்கள் சிலர், வெளிநாட்டிலிருந்து வந்தவை என்கிறார்கள் வேறு சிலர். இது என்ன பறவை? எப்படி வாழ்கிறது? ஏரியை ஒட்டிய வயலில் இறங்கிப் பயிரைக் கடித்துப் போடுகிறது, அதற்கு என்ன செய்வது?"

மயில் குஞ்சும் இல்லை, விருந்தாளியும் இல்லை. நீங்கள் பார்த்தது நீலத் தாழைக்கோழி. ஆண்டு முழுவதும் நம் ஏரிகளிலேயே வாழ்ந்து, இங்கேயே கூடு கட்டி, இங்கேயே குஞ்சு பொரிக்கும் பறவை. ஏரி வற்றினால் தண்ணீர் உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். மழை வந்ததும் திரும்பும். கடல் கடந்து வலசை வரும் வாத்துகளோடு ஒரே தண்ணீரில் நிற்பதால் இதையும் வெளியூர்ப் பறவை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

முதலில் தோற்றம். உடல் நீளம் ஏறக்குறைய 40 முதல் 50 சென்டிமீட்டர். நல்ல நாட்டுக்கோழி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கால் கோழியைவிட நீளம், விரல்களும் கோழியின் விரல்களைவிட நன்றாகவே நீளம். உச்சி வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் அதன் மேல் விழும்போது பாருங்கள்: முதுகும் வயிறும் ஊதா கலந்த நீலம், மார்பும் இறக்கையும் பச்சை கலந்த நீலம், தலை வெளிறிய சாம்பல். ஒரே நீலம் என்று நினைத்த உடலில் இத்தனை நீலங்கள் இருப்பது அப்போதுதான் புலப்படும். அலகு தடித்து, குட்டையாக, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். அந்த அலகின் சிவப்பு அப்படியே மேலேறி நெற்றியில் ஒரு கேடயமாகப் படர்ந்திருக்கும். கண்ணும் சிவப்பு, காலும் இளஞ்சிவப்பு. குட்டை வாலின் அடியில் தூய வெள்ளை. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் வாலைச் சுண்டிச் சுண்டி அந்த வெள்ளையைக் காட்டும். ஏரியோரத்தில் வளரும் அடர்ந்த சம்புச் செடிகளுக்குள் போய் மறையும்போது கடைசியாகத் தெரிவது அந்த வெள்ளைதான்.

ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆண் சற்றுப் பெரிது. இளம் பறவை மங்கிய நிறம், அலகும் கறுத்திருக்கும். வளர வளரச் சிவப்பு ஏறும்.

இதன் உறவுக்காரப் பறவைகளும் அதே ஏரியில் இருக்கும் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. முழுக்கறுப்பு உடலில் அலகும் நெற்றியும் மட்டும் வெள்ளையாக, திறந்த நீரில் கூட்டமாக நீந்துவது நாமக்கோழி. கறுத்த உடல், சிவந்த அலகின் நுனியில் மஞ்சள், விலாவில் ஒரு வெள்ளைக் கோடு என்றால் அது சாதாரணத் தாழைக்கோழி. நீலத் தாழைக்கோழியைவிட நன்றாகச் சிறியது. முகமும் மார்பும் வெள்ளையாக, வேலியோரத்தில் ஓடி ஒளிவது கானாங்கோழி. நான்கும் ஒரே குடும்பம். தாமரை இலை மேல் நடக்கும் இலைக்கோழி மட்டும் வேறு குடும்பம். நீண்ட விரல்களை வைத்து அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

பறவை நூல்களில் தேடினால் இன்னொரு குழப்பமும் வரலாம். ஐரோப்பா முதல் நியூசிலாந்து வரை உள்ள நீலத் தாழைக்கோழிகள் எல்லாவற்றையும் முன்பு ஒரே இனமாகவே கணக்கிட்டார்கள். சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் அதை ஆறு இனங்களாகப் பிரித்தார்கள். நம் நாட்டில் இருப்பது அவற்றில் சாம்பல் தலை கொண்ட இனம். பழைய கையேட்டில் ஒரு பெயரும் புதிய பட்டியலில் வேறு பெயரும் இருந்தால், இரண்டும் நம் ஏரிப் பறவையைத்தான் குறிக்கின்றன.

இனி, இந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதிலேயே முக்கியமானதுக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரி ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பழுப்பு நிறத்தில் உருளையான கதிர் விடுமே, யானைக்கோரை என்றும் சொல்வார்கள், அந்தச் செடி. நீலத் தாழைக்கோழி தின்பது அதன் குருத்தையும் கிழங்கையும். கூடு கட்டுவது அதன் இலைகளால். ஒளிவது அதன் நடுவில். இரவில் அடைவதும் அதற்குள். கோரை, நாணல், அல்லி, தாமரை, நீரோரக் காட்டாமணக்குப் புதர் ஆகியவையும் இதற்கு உதவும். ஆனாலும் சம்பு உள்ள ஏரியில் இருக்கிற அளவுக்கு மற்ற இடங்களில் இது செழிப்பதில்லை.

அது சாப்பிடும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் மறக்காது. தண்ணீரில் நின்றபடி ஒரு சம்புக் குருத்தை அடியோடு அலகால் கவ்வி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கும். வேர்ப்பக்கம் 'பொளுக்'கென்று பிடுங்கிக்கொண்டு வந்ததும், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலை உயர்த்தும். முன்விரல் மூன்றும் பின்விரல் ஒன்றும் தண்டைச் சுற்றி மடங்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த தண்டை அலகின் உயரத்துக்குத் தூக்கி, மேலுறையை நீளவாக்கில் கிழித்துக் கிழித்து எறியும். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கும் குருத்து வெளிப்பட்டதும் அதைத் துண்டு துண்டாகக் கடித்து விழுங்கும். மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போகும். இது மேய்ந்த இடத்தில் உரித்த பட்டைகளும் பாதி கடித்த தண்டுகளும் மிதந்து கிடக்கும். பறவையைக் காணாவிட்டாலும் அதை வைத்தே இங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காலால் உணவைத் தூக்கிப் பிடித்து உண்ணும் வழக்கம் கிளிகளிடம் உண்டு. கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என விரல்கள் அமைந்திருப்பதால் பிடிப்பது எளிது. மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாக உள்ள காலை வைத்துக்கொண்டு இந்தப் பறவை அதைச் செய்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

அதே கால்கள்தான் அதன் நடைக்கும் ஆதாரம். நீண்ட விரல்கள் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் மிதக்கும் பாசி மீதும், சாய்ந்து கிடக்கும் சம்பு மீதும் அமிழாமல் நடக்கிறது. சம்புத் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு மேலேறியும் வரும். அதிகாலையில் அப்படி உச்சியில் ஏறி நின்று வெயில் காயும் பறவைகளைப் பார்க்கலாம். விரல்களுக்கிடையே வாத்துக்குப் போல் சவ்வு இல்லை, நாமக்கோழிக்குப் போல் விரலோரத்தில் மடல்களும் இல்லை. இருந்தும் தேவைப்பட்டால் நன்றாகவே நீந்தும். பறப்பதில்தான் சோம்பல். விரட்டினால் முதலில் ஓடும். வேறு வழியில்லை என்றால் மட்டும் எழும்பி, நீண்ட கால்கள் தொங்கத் தொங்கச் சிறிது தூரம் பறந்து மறுபடி சம்புக்குள் விழும். ஆனால் ஏரி வற்றும் காலத்தில் தொலைவாகப் பறந்து இடம் மாறுவதும் இதே பறவைதான். பறக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பெரும்பாலும் தாவரம்தான் உணவு என்றாலும் சைவம் என்று சொல்ல முடியாது. நத்தை, பூச்சி, தவளை, சிறு மீன் எல்லாம் தின்னும். மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும்கூட எடுப்பது பதிவாகியிருக்கிறது. அந்தத் தடித்த அலகு கிழங்கைத் தோண்டவும் நத்தை ஓட்டை உடைக்கவும் ஒரேபோல் உதவுகிறது.

குரலைப் பற்றியும் கேட்பீர்கள். இனிமை என்று சொல்ல மாட்டேன். கரகரப்பான கொக்கரிப்பும், திடீரென்று ஊதல் ஊதியது போன்ற உரத்த சத்தமும் கலந்தது. ஒன்று தொடங்கினால் சம்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ஏரியில் பத்து பறவை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, ஐம்பது இருக்கிறது என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரியவரும். இனப்பெருக்கக் காலத்தில் இந்தக் கூச்சல் கூடும்.

வட இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழை மாதங்களே முக்கியமான இனப்பெருக்கக் காலம். தெற்கே வர வர, எந்த மழையில் ஏரி நிரம்புகிறதோ அதைப் பொறுத்து மாதங்கள் முன்பின் ஆகும். ஏரி நிரம்பி, சம்பு தழைத்து, கூட்டை மறைக்கும் அளவுக்கு அடர்த்தி வந்த பிறகே கூடு. ஆண் பறவை அலகில் நீர்க்கொடியைக் கவ்விக்கொண்டு பெண்ணின் முன் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கொக்கரிக்கும். அதுதான் அதன் காதல் விண்ணப்பம். சம்பு இலைகளையும் கோரையையும் மடித்துப் பின்னி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பெரிய மெத்தையாகக் கூடு அமைக்கும். சில கூடுகள் மிதந்தபடியும் இருக்கும். பொதுவாக 3 முதல் 7 முட்டைகள். வெளிறிய மஞ்சளும் செம்மையும் கலந்த நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மூன்றரை வாரம் அளவில் குஞ்சு பொரியும். குஞ்சு கரிய தூவியோடு, உடலுக்குப் பொருந்தாத பெரிய கால்களோடு இருக்கும். சீக்கிரமே கூட்டை விட்டு இறங்கி நடந்தாலும், முதல் இரண்டு வாரம் பெற்றோர் ஊட்டினால்தான் உண்டு. பிறகு தானாகத் தின்னக் கற்றுக்கொண்டாலும் கொஞ்ச காலம் கேட்டு வாங்கித் தின்னும்.

இந்தப் பறவைகள் குழுவாக வாழும் விதத்தை நியூசிலாந்தில் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே இதன் நெருங்கிய இனத்துக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர் பூக்கேகோ. பல ஆண்களும் பல பெண்களும் ஒரே குழுவாக வாழ்ந்து, பெண்கள் ஒரே கூட்டில் முட்டையிட்டு, எல்லோரும் சேர்ந்து குஞ்சுகளை வளர்ப்பது அங்கே சாதாரணம். குழுவில் யார் பெரியவர் என்பதை நெற்றிக் கேடயம் சொல்கிறது. சில பறவைகளின் கேடயத்தை ஆய்வாளர்கள் வண்ணம் பூசிச் சிறியதாகத் தோன்றச் செய்தார்கள். அந்தப் பறவைகளை மற்றவை கூடுதலாகத் தாக்கத் தொடங்கின. சில நாட்களில் அவற்றின் உண்மையான கேடயமே சுருங்கிவிட்டது. உங்கள் ஏரியில் அடுத்த முறை பார்க்கும்போது யார் யாரைக் கண்டு விலகுகிறார், விலகுபவரின் நெற்றி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பைனாகுலர் இருந்தால் போதும்.

அதே நியூசிலாந்தில் இதன் இன்னோர் உறவும் உண்டு. பறக்கும் திறனை முற்றிலும் இழந்து, மூன்று கிலோ அளவுக்குக் கனத்துப்போன டாக்காஹே. பூண்டோடு அழிந்துவிட்டது என்று நம்பப்பட்டு, 1948-இல் ஒரு மலைப்பகுதியில் உயிரோடு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் ஒவ்வொரு பறவையாகக் கணக்கெடுத்துக் காப்பாற்றும் நிலை. மறுபுறம், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1990-களில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை என்று கருதப்படும் நீலத் தாழைக்கோழிகள், அதுவும் நம் ஊர் சாம்பல் தலை இனம், சதுப்புநிலங்களில் பெருகின. அந்நியப் பறவை என்று 2006 முதல் 2008 வரை 3,000-க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றும் ஒழிக்க முடியவில்லை. ஸ்பெயினில் சதுப்புநிலங்களை வற்றவைத்ததாலும் வேட்டையாலும் மேற்கத்திய இனம் ஒரு மூலைக்கு ஒதுங்கிப்போயிருந்தது. 1970-களில் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகு மீண்டு பரவியது. சம்பும் தண்ணீரும் விட்டுவைத்தால் இந்தப் பறவை தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இவை போதும்.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க நல்ல இடம் சென்னையின் பள்ளிக்கரணை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்புநிலம்; பட்டியலில் சேர்ந்த பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். ஒருபுறம் பெருங்குடிக் குப்பைமேடு, சுற்றிலும் வாகன இரைச்சல், நடுவில் சம்புத் திட்டுகளில் நீலப் பறவைகள். சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். கோவைக் குளங்களிலும் டெல்டாவின் ஏரிகளிலும் இவை உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் போய், சம்பின் ஓரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். நடுவில் தேடிப் பயனில்லை.

வயல் பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் மனக்குறை நியாயமானது. நெல் வளர்ந்து தூர் கட்டும் காலத்தில், சம்புக் குருத்துக்குச் செய்வதையே நெல்லுக்கும் செய்யும்: தண்டைக் கடித்து, அடிப்பகுதியின் மென்மையான பாகத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும். தின்பதைவிட வீணாவது அதிகம் என்பதால் விவசாயிக்குக் கோபம் வரத்தான் செய்யும். கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கோள் நிலங்கள் எனப்படும் தாழ்வான ஈரநில வயல்களிலும் நெல் விவசாயிகள் இதே புகாரைச் சொல்கிறார்கள்.

ஆனால் சேதம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சம்பை ஒட்டிய வரப்போர வரிசைகளில்தான் அதிகம் இருக்கும். மறைவிடத்தை விட்டு வெகுதூரம் வெட்டவெளியில் நடந்து வர இந்தப் பறவைக்கு அச்சம். அதனால் சம்புக்கும் வயலுக்கும் நடுவே புல் பூண்டு வெட்டிய அகலமான வெறும் வரப்பு ஒன்று இருந்தால் வருகை குறையும். மேய வருவது விடியற்காலையிலும் மாலையிலும் என்பதால் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருந்தாலே பெரும்பகுதி தடுக்கப்படும். மின்னும் ரிப்பன் கட்டுவது கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு பழகிவிடும். கட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நைலான் வலை கட்டினால் தளர்வாக விடாதீர்கள், நீண்ட விரல்கள் சிக்கிச் செத்துப்போகும். சாரையும் ஆமையும்கூட மாட்டும்.

விஷம் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விஷம் வைத்த தானியத்தை அந்த ஏரியின் வாத்தும் புறாவும் தின்னும். செத்த பறவையை யாராவது எடுத்து இறைச்சியாக விற்றால் அது ஒரு வீட்டுச் சட்டிக்குப் போகும். கண்ணி வைத்து நீர்ப்பறவைகளைப் பிடித்துச் சாலையோரத்தில் விற்பது இன்னும் நின்றபாடில்லை. அப்படிப் பார்த்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஏரியில் சம்பு மண்டிவிட்டது, அதை முழுவதும் அகற்றினால் பறவையும் போய்விடும் என்ற யோசனை உங்கள் ஊரிலும் வரும். ஊருக்கு ஊர் ஏரிகளைத் தூர்வாரி, கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போடுகிறார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆழமற்ற ஓரம் போனதும் தாழைக்கோழி, கானாங்கோழி, குருகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போகும். எஞ்சுவது நடுநீரில் முக்குளிக்கும் சில பறவைகள் மட்டும். சம்பு இவ்வளவு மண்டுவதற்கே இரண்டு காரணங்கள்: வண்டல் சேர்ந்து ஏரி ஆழமிழந்தது ஒன்று, சாக்கடை நீர் கொண்டுவரும் சத்து மற்றொன்று. அந்தச் சத்தை உறிஞ்சி நீரைத் தெளியவைக்கிற வேலையையும் சம்புதான் செய்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்க இதே செடியைத் திட்டமிட்டு வளர்க்கும் முறை உலகெங்கும் உண்டு. சாக்கடையை நிறுத்தாமல் சம்பை மட்டும் வாரினால் இரண்டு மூன்று ஆண்டில் அடியில் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி எழும், அல்லது அந்த இடத்தை ஆகாயத்தாமரை பிடித்துக்கொள்ளும்.

ஏரி முழுவதும் சம்பால் மூடிக்கிடப்பதும் நல்லதில்லை. இந்தப் பறவைக்கே சம்பும் திறந்த நீரும் கலந்த ஓரம்தான் பிடிக்கும். ஆகவே ஊராட்சியில் பேசும்போது இப்படிக் கேளுங்கள்: மதகுப் பக்கமும் வயலை ஒட்டிய பக்கமும் சம்பை அகற்றட்டும், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் முகப்பில் உள்ளதை விட்டுவைக்கட்டும். ஒரே ஆண்டில் முழுவதையும் வாராமல் பகுதி பகுதியாக வாரட்டும். விட்டுவைக்கும் பகுதியில் கரை சரிவாகவே இருக்கட்டும். வேலையைக் கோடையில், நீர் குறைந்து கூடுகள் இல்லாத மாதங்களில் முடித்துவிடட்டும். எந்திரம் இறங்குவதற்கு முன்பு சம்புக்குள் கரிய குஞ்சுகள் திரிகின்றனவா என்று ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கூடு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.